உம்மாட நம்பரும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும்

கட்டாரில் இருக்கும் அன்பு மகள் நஸ்லாவுக்கும், மருமகனுக்கும், பேத்தி அப்னாவுக்கும் வாப்பா அப்துல் ஹமீட் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கு சுகம். நீங்கள் அங்கு சுகமா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் "லைன் கிளியர் இல்ல வாப்பா" என்று பதில் வருகிறது. அதையும் சுகம் என்றே எடுத்துக்கொண்டு துஆச் செய்துகொள்கிறேன்.

பிரதேச சபையின் டிஜிட்டல் தலைமை உத்தியோகத்தர் தன் மகளுக்குப் பேனாவால் கடிதம் எழுதுகிறார் என்று சிரிக்காதே. ஈமெயில் எழுதலாந்தான். ஆனால் கந்தோர்க் கணினியில் நான் ஒரு வரி எழுதினால் பின்னால் மூன்று பேர் நின்று வாசிக்கிறார்கள். ஃபோனில் சொல்லலாம் என்றால் நான் விசயத்துக்கு வருவதற்குள் அப்னா பாலைக் கொட்டிவிடுகிறாள், நீ "மறுகா எடுக்கிறன் வாப்பா" என்று வைத்துவிடுகிறாய். அந்த மறுகா பதினொரு நாளைக்குப் பிறகுதான் வருகிறது. குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொன்னேன். எங்கள் சபைக் கனகரெத்தினத்தின் மருமகன் ரஜிதன் அடுத்த கிழமை கட்டார் வருகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில் தருவான். இருந்து ஆறுதலாக வாசி.

முதலில் அந்த விசயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ அழுதழுது எடுத்து, "வாப்பா, உம்மாட வட்ஸ்அப் ஒன்லைன்ல நிக்கிது" என்றாய். நான் அப்போது கையில் நாலு வேலையோடு இருந்தேன். யோசிக்காமல் "ஓம் மகள், உம்மா வேலையா இரிக்கா" என்று சொல்லிவிட்டேன். நீ ஃபோனை வைத்துவிட்டாய். அன்று பின்னேரமே மருமகன் எனக்கு எடுத்து, சாப்பிட்டீங்களா மாமா, தூங்குறீங்களா மாமா, இண்டைக்கு என்ன கிழமை மாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. வாப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது, உடனே கட்டாருக்கு எடுக்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவுகட்டியிருக்கிறீர்கள். மகள், எனக்கு மூளை ஒழுங்காகத்தான் இருக்கிறது. உன் உம்மா மௌத்தாகி இந்த மாதத்தோடு இரண்டு வருசம் என்பதும் எனக்குத் தெரியும். கபுறில் மண் போட்டவன் நான். ஆனாலும் அவ வேலையாக இருந்தது உண்மை. அதைத்தான் இனி விபரமாக எழுதப் போகிறேன்.

இதெல்லாம் மாகாணத்திலிருந்து வந்த ஒரு சுற்றுநிருபத்தால் வந்த வினை. ஒவ்வொரு சபையும் இரண்டு நாளைக்குள் ஒரு டிஜிட்டல் தலைமை உத்தியோகத்தரை நியமிக்க வேண்டும், அவருக்குத் தொலைநோக்கும் தலைமைப் பண்பும் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. செயலாளர் சிவரூபினி மேடம் கூட்டம் போட்டு யார் விருப்பம் என்று கேட்டாவாம். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். "இருந்தார்களாம்" என்று எழுதுகிறேன், ஏனென்றால் நான் அந்த நேரம் லுஹர்த் தொழுகைக்கு வுழுச் செய்யப் போயிருந்தேன். காலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் கைதட்டுகிறார்கள். ஏகமனதாம். என்ன தகுதி என்று கேட்டேன். முந்தின வருசம் போட்டோக்கொப்பி மெசினுக்குள் செத்துக் கிடந்த பல்லியை வெளியில் எடுத்தது நான்தானாம். ஐம்பத்தொன்பது வயதில், ஓய்வுக்கு ஒரு வருசம் இருக்க, இருபத்தெட்டு வருசம் முன் கவுண்டரில் சனத்தோடு கதைத்துக்கொண்டிருந்த என்னைத் தூக்கிப் பின்பக்கம் ஒரு எயார்கண்டிசன் அறைக்குள் வைத்தார்கள். அந்த அறையில் ஒரு பெரிய கணினிப் பெட்டி, அதில் எட்டுப் பச்சை விளக்கு, ஒரு கதிரை. குளிர் பெட்டிக்குத்தான், எனக்கல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் மாதம் அந்தப் பெட்டியைத் தவிர என்னோடு யாரும் இருக்கவில்லை. அதற்கு ஸலாம் சொல்லாத குறைதான்.

கொழும்பில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். டை கட்டிய ஒரு தம்பி வந்து, தலைவன் என்பவன் மாற்றத்துக்குப் பயப்படக்கூடாது, தன் கீழ் உள்ள குழுவை ஊக்கப்படுத்த வேண்டும் என்றார். என் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். உங்கள் சபையைக் கேளுங்கள் என்றார். சபையைக் கேட்டேன், பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு வேலையைச் சொன்னார்கள். எங்கள் பகுதியில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் சபையின் செயலியில் பதிய வேண்டும். குப்பை எடுக்கவில்லையா, வாய்க்கால் அடைத்துவிட்டதா, கந்தோருக்கு வரத் தேவையில்லை, வீட்டில் இருந்தே ஃபோனில் முறைப்பாடு போடலாம். போடும்போது வீட்டுக்காரரின் நம்பருக்கு ஆறு இலக்கத்தில் ஒரு கோட் வரும், அதை அடித்தால்தான் முறைப்பாடு ஏறும். எவ்வளவு லேசு பார். மூன்று மாதத்தில் மாவட்டக் கூட்டத்தில் ஒவ்வொரு சபையின் வீதத்தையும் திரையில் போட்டார்கள். உள்பக்கத்து ஒரு சபை அறுபத்துநாலு வீதம். நாங்கள் பதினொன்று. சிவரூபினி மேடம் திரும்பி வரும் வழி முழுக்க அந்த வீதத்தை எழுதின தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தா. ஒரு வருசத்துக்கு முன்தான் மாற்றலாகி வந்தவ, பாவம், இங்கத்தைய ஆட்களையும் தெரியாது, வழக்கத்தையும் தெரியாது.

எங்கே பிழை என்று எனக்குத் தெரியும். அந்தச் செயலியைச் செய்தவர்கள் வீட்டுக்காரர் என்றால் ஆம்பிளை என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். நம்ம ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாரே தவிர வீடு மாப்பிள்ளைக்கு வராது. வீடெல்லாம் பொம்பிளைகளின் பெயரில். நான் கல்லரிந்து கட்டின இந்த வீடே உன் பெயரில்தான் இருக்கிறது, நான் என் மகள் வீட்டில்தான் குடியிருக்கிறேன். செயலி கேட்பதோ வீட்டுக்குச் சொந்தக்காரரின் நம்பரை, இங்கே அது பொம்பிளையின் நம்பர். எந்தப் பொம்பிளை தன் நம்பரைக் கந்தோர்க் கணினிக்குள் போட விடுவாள்? நாளைக்கு அதை எந்தப் பெடியன் எடுத்து என்ன மெசேஜ் அனுப்புவான் என்று பயம். சரி, புருசனின் நம்பரைத் தாருங்கள் என்றால் அதற்கும் சம்மதமில்லை. "வீடு என்ட வாப்பா தந்தது. அவர்ட நம்பரப் போட்டா நாளைக்கு வீடும் அவர்ட எண்டு நிப்பார்" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். புருசன் உள்ளே இருந்து இருமினார், வெளியே வரவில்லை. நான் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வீட்டு வாசல் கடப்பாக ஏறி இறங்கினேன். பதினாறு நாளில் ஒன்பது வீடு.

பத்தாவது வீடு பக்கத்து றஸ்னாவின் வீடு. அவளின் மாப்பிள்ளை சவூதியில் என்று உனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என்ட நம்பரக் கந்தோருக்குத் தரமாட்டன் காக்கா. றமீசா ராத்தாட நம்பரப் போடுங்க" என்றாள். எனக்கு விளங்கவில்லை. உன் உம்மா உயிரோடு இருக்கும்போது இந்த வீதிப் பொம்பிளைகள் எல்லாரும் கிளினிக்குக்கும் கேஸ்காரனுக்கும் பாடசாலைக்கும் அவவின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அந்த ஞாபகத்தில் சொல்கிறாள் ஆக்கும் என்று நினைத்து, "புள்ள, அவ மௌத்தாகி ரெண்டு வருசமாகப் போகுது" என்றேன்.

"அதுதான் காக்கா நல்லது. மௌத்தானவக்கு ஆரு கோல் எடுத்துக் கரைச்சல் குடுக்கப் போறான்?"

மகள், யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் பிழையே இல்லை. ஊரிலேயே ஆகப் பத்திரமான பொம்பிளை நம்பர் அதுதான். அந்த சிம் உயிரோடுதான் இருந்தது. மாதம் ஒருமுறை நான் காசு போட்டு அதை உயிர்ப்பித்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று உனக்குச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அந்த ஃபோன் அலுமாரியில் அவவின் சாரிகளுக்கு இடையில் கிடந்தது. எடுத்து சார்ஜில் போட்டேன். ஒரே நம்பரில் எத்தனை வீட்டையும் பதியலாமாம், கொழும்பில் மாடி வீடுகளுக்குப் பொறுப்பானவர்களுக்காக வைத்த வசதியாம். றஸ்னாவின் வீட்டைப் பதிந்தேன். அடுத்த நாள் காலையில் எட்டுப் பொம்பிளைகள் றஸ்னாவின் வளவுக்குள் நின்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எங்களுக்கும் அந்த நம்பரையே போடுங்க காக்கா" என்றார்கள். மூன்று கிழமையில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. வீதம் எழுபத்தொன்று. மாவட்டக் கூட்டத்தில் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். சிவரூபினி மேடம் திரும்பி வரும் வழியில் வாகனத்தை நிறுத்தி எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தா. தலைமைத்துவம் என்றால் இதுதான் ஹமீட் அண்ணன் என்றா. நான் இளநீரைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு என் பாடு நீ பார்த்திருக்க வேண்டும். உம்மாவின் ஃபோன் என் சேர்ட்டின் இடது பையில். யார் எந்த முறைப்பாடு போட்டாலும் கோட் இந்தப் பையில் வந்து விழும். ஐந்து நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் காலாவதி. உம்மா அந்த ஃபோனுக்கு மெசேஜ் வந்தால் அப்னா சின்னதில் சிரித்த சிரிப்பு கேட்கிற மாதிரி வைத்திருந்தா, எனக்கு மாற்றத் தெரியவில்லை. தெரிந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். ஒருநாள் சபைக் கூட்டத்தில் மௌத்தான பழைய உறுப்பினர் ஒருவருக்குத் தவிசாளர் அனுதாபப் பிரேரணை வாசிக்கிறார், எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள், என் பை நாலு தடவை கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறது. அந்த உறுப்பினரின் மகன் என்னை இன்னும் பார்ப்பதில்லை. ஜும்ஆவில் ஒருநாள் சிரித்தது, தொழுகை முடிந்ததும் முன் ஸஃப் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தில் சவர்க்காரம், கையில் ஃபோன், மதிலடியில் நின்று "நாலு, ஒம்பது, சைபர், சைபர், ரெண்டு, ஏழு" என்று கூவுகிறேன். றஸ்னா அதைப் பின் வீட்டுக்குக் கூவுவாள், பின் வீட்டுக்காரி அடுத்த வீதிக்கு. கோட்டை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அந்த மெசேஜின் கீழேயே எழுதியிருக்கிறது.

இது கரைச்சல் என்று நீ நினைப்பாய். நான் ஒன்று சொல்லட்டுமா? உம்மா போன பிறகு நம்ம கடப்பில் ஒரு பொம்பிளை வந்து நின்றதில்லை. பொம்பிளை இல்லாத வீடு, உள்ளே ஒரு ஆம்பிளை தனிய, வந்து நிற்பது முறையில்லை. நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் சரிதான். ஆனால் அதற்கு முதல் விடிந்தால் பொழுதுபட்டால் அந்த மதிலில் ஒரு கதை போய்க்கொண்டே இருக்கும். நான் உள்ளே இருந்து, இதென்ன சந்தையா என்று சத்தம் போடுவேன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆம்பிளைகளை நான் பள்ளியில் காண்பேன், ஸலாம் சொல்வார்கள், மீன் விலை சொல்வார்கள், போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் ஐந்து அறை, எதில் இருப்பது என்று தெரியாமல் குசினியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். இப்போது கோட் கேட்டு வருகிறவர்கள் சும்மா போவதில்லை. "காக்கா திண்டீங்களா?" என்பார்கள். மதிலில் ஒரு கோப்பை புளியாணம் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். றமீசா ராத்தா இருந்தா என்ன சொல்லியிருப்பா என்று கேட்டாள். அவ வேண்டாம் என்றிருப்பா என்றேன். கலியாணம் நின்றுவிட்டது. ஆகவே நான் தனிமையில் வாடுகிறேன் என்று நீ மருமகனிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், அது சுத்தப் பொய். எனக்குத் தனிய இருக்க நேரமே இல்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மாகாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழு மாகாணத்திலும் இந்தச் செயலியை ஆகக்கூடப் பாவித்தவரைக் கணினி தானாகத் தெரிவுசெய்துவிட்டதாம். நான்கு மாதத்தில் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு கோட். முன்மாதிரி டிஜிட்டல் குடிமகள், சிம் எடுத்த பெயரின்படி, திருமதி சித்தி றமீசா. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், கலாசார மண்டபத்தில் மேடை, கேடயம், பொன்னாடை. இந்த வயதில் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று வீடியோவில் அவவிடம் கேட்டு முழு நாட்டுக்கும் காட்டப் போகிறார்களாம். சிவரூபினி மேடம் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் குளிர் அறைக்கே ஓடி வந்தா. அந்த அறைக்கு மனுசர் ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

இந்த அம்மா உங்கட வீதிதானே, தெரியுமா ஹமீட் அண்ணன் என்று கேட்டா. தெரியும் என்றேன். எப்பிடிப்பட்டவ என்றா. மகள், அங்கேதான் நான் பிழைவிட்டேன். அந்தக் கேள்வியை இரண்டு வருசமாக ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. பத்து நிமிடம் கதைத்தேன். நல்ல கெட்டிக்காரி என்றேன். மீன்காரனிடம் அவ விலை பேசத் தொடங்கினால் அவன் சைக்கிளைத் திருப்பிவிடுவான் என்றேன். கோபம் வந்தால் கதைக்கமாட்டா, ஆனால் தேத்தண்ணியில் சீனி போடாமல் தருவா, அதில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். நோன்புக் கஞ்சி காய்ச்சினால் எட்டு வீட்டுக்குப் போகும் என்றேன். மேடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டா, அறிமுக உரைக்கு உதவுமாம். அப்ப நீங்களே அவவக் கூட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கனகரெத்தினம் வெளுத்துப்போனார். உம்மாவின் ஜனாஸாவுக்குப் பாண்டிருப்பிலிருந்து முதல் ஆளாக வந்து வெயிலில் நின்றவர் அவர்தானே.

கனகரெத்தினம் சபையில் வாய்க்கால்களுக்குப் பொறுப்பு. யோசனை சொல்வதில் அவரை வெல்ல ஆளில்லை. உம்ராவுக்குப் போயிட்டா எண்டு சொல்லு மச்சான் என்றார். சொன்னேன். மேடம் சந்தோசப்பட்டு, அப்ப அங்க இருந்து வீடியோவில் எடுப்பம், மக்காவில் இருந்து பேசினா இன்னும் நல்லம் என்றா. சுகமில்லை என்று சொல் என்றார். சொன்னேன். மேடம் ஒரு பை தோடம்பழமும் மோல்ட் பானமும் வாங்கிக்கொண்டு, சிம் எடுத்த விலாசம் நம்ம வீடு என்று தெரியாமல், நோயாளியைப் பார்க்க அங்கே வரப் புறப்பட்டா. நான் வீட்டுக்கு முந்தி ஓடிப்போய்க் கடப்பைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தேன். அவ வெளியே நின்று "றமீசா அம்மா, றமீசா அம்மா" என்று கூப்பிட்டா. அந்தப் பெயரை அப்படி ஒருவர் நம்ம கடப்பில் நின்று கூப்பிட்டு எவ்வளவு காலம். நான் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய் திறந்து பதில் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவ தோடம்பழத்தை மதிலில் வைத்துவிட்டுப் போனா. அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் மேடத்தின் அறைக்குப் போனேன். வேலை போனாலும் போகட்டும், ஓய்வூதியத்தில் கை வைத்தாலும் வைக்கட்டும் என்று பிஸ்மி சொல்லித்தான் போனேன்.

"மேடம், அவ வரமாட்டா."

"ஏன் அண்ணன், இன்னும் சுகமில்லையா?"

"அவ என்ட பொண்டாட்டி மேடம். மையவாடில இரிக்கா. ரெண்டு வருசம்."

மேடம் பேனாவை வைத்தா. அப்ப அந்த நம்பருக்கு வாற கோட்டெல்லாம் ஆர் பாக்கிறது என்று மெதுவாகக் கேட்டா. நான் பதில் சொல்ல முதல் என் பை சிரித்தது. மன்னிக்க வேண்டும், ஐந்து நிமிடந்தான் இருக்கிறது என்று சொல்லி, மேடத்துக்கு முன்னாலேயே றஸ்னாவுக்கு எடுத்து ஆறு இலக்கத்தையும் வாசித்தேன். "காக்கா, ரசம் வெச்சிரிக்கன், பின்னேரம் மதிலடிக்கு வாங்க" என்று அவள் கத்தியது மேசைக்கு மேலால் கேட்டது. மேடம் முகத்தை லேஞ்சியால் மூடிக்கொண்டா. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் என்று நினைக்கிறேன். பிறகு, "ஆயிரத்துத் தொளாயிரம் தரம் நீங்களா அண்ணன் வாசிச்சீங்க?" என்று கேட்டா. ஓம் என்றேன். அலுக்கல்லையா என்றா. இல்லை என்றேன்.

நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை. இந்த மேடம் கெட்டிக்காரி. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பொம்பிளைகள் ஏன் தங்கள் நம்பரைத் தரவில்லை என்று முழுக்கக் கேட்டா, இந்த ஒரு வருசத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே என்றா. ஒரு புது ஃபோன், ஒரு புது நம்பர், அதற்குப் பொறுப்பாக நம்ம கந்தோரில் வேலைசெய்யும் காரைதீவுத் துஷாந்தினி. முன் கவுண்டரில் அவள் இருப்பாள். பொம்பிளை நம்பர், பொம்பிளை கையில், பூட்டுப் போட்ட மேசை லாச்சியில். றஸ்னாவே வந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். மாகாணத்துக்கு மேடம், இந்தப் பகுதியில் வீடுகள் பெண்களின் பெயரில் இருப்பதால் செயலியை மாற்ற வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதினா. அவர்கள் நல்ல அவதானிப்பு என்று பதில் போட்டார்கள். கேடயம் இரண்டாம் இடத்தில் இருந்தவருக்குப் போயிற்று. அது யார் என்று நினைக்கிறாய், கனகரெத்தினம். தன் வீட்டு வாய்க்கால் அடைத்துவிட்டதென்று அறுபத்தொரு முறைப்பாடு போட்டிருக்கிறார். முறைப்பாடு போட்டவரும் அவர், அதைத் திறந்துவிட வேண்டியவரும் அவர், வாய்க்கால் இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது. மேடையில் பொன்னாடையோடு நின்று, விடாமுயற்சி வேண்டும் என்று பேசினார்.

ஆகவே மகள், எல்லாம் சுமுகமாக முடிந்தது. திங்கட்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் புது நம்பருக்கு மாற்றுகிறோம். மருமகன் மூலம் நீ கேட்டுக்கொண்டபடி உம்மாவின் நம்பரையும் இந்தக் கிழமையோடு வெட்டிவிடுகிறேன். நீ வட்ஸ்அப்பைத் திறந்து இனி நெஞ்சு பதறத் தேவையில்லை. உனக்கு அப்படியிருக்கும் என்று நான் முதலே யோசித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள். கட்டாருக்கு வாங்க வாப்பா என்ற கதையையும் இத்தோடு விடு. எனக்கு அங்கே என்ன வேலை? இங்கே சபை என் தலையில் நிற்கிறது. பெட்டி என் பொறுப்பில். வீட்டையும் யார் பார்ப்பது? நான் சந்தோசமாக இருக்கிறேன், வேளைக்குத் தின்கிறேன், ஒரு தனிமையும் இல்லை. அல்லாஹ் உனக்கும் மருமகனுக்கும் நீண்ட ஆயுளையும் உழைக்கிற றிஸ்க்கில் பறக்கத்தையும் தருவானாக. அப்னாவை நல்லபடி ஓத வை, பாலைக் கொட்டினால் அடிக்காதே. மருமகனிடம் சொல்லு, இன்றைக்கு வியாழக்கிழமை.

இப்படிக்கு,
துஆவுடன் வாப்பா,
அ. அப்துல் ஹமீட்,
டிஜிட்டல் தலைமை உத்தியோகத்தர்.

பி.கு: ரஜிதனின் பயணம் ஒன்பது நாள் பிந்திவிட்டது. கடிதம் என்னிடந்தான் இருந்தது, அதனால் இதையும் எழுதுகிறேன். திங்கட்கிழமை நம்பரை மாற்றினோம். துஷாந்தினி நன்றாகச் செய்கிறாள், கவுண்டரில் பொம்பிளைகள் வரிசையில் நின்று சிரித்துக் கதைக்கிறார்கள். எனக்குச் சந்தோசம். வீட்டுக் கடப்பு நாலு நாளாகத் திறபடவில்லை. உம்மாவின் நம்பரில் இப்போது மிஞ்சி இருப்பது நம்ம வீடு மட்டுந்தான், உன் பெயரில் இருக்கிற வீடு. நேற்றுப் பின்னேரம் அதில் நான் ஒரு முறைப்பாடு போட்டேன், வீட்டுக்கு முன்னால் வீதி விளக்கு எரியவில்லை என்று. கோட் வந்தது. அப்னா சிரித்தாள். ஆறு இலக்கத்தையும் மதிலடியில் நின்று சத்தமாக வாசித்தேன், ஒருவரும் இருக்கவில்லை. விளக்கு நல்லாத்தான் எரிகிறது மகள். இன்றைக்கும் போட்டேன். உம்மாவின் நம்பரை நான் வெட்டவில்லை, வெட்டமாட்டேன். நான் மேலே எழுதினதில் சபையைப் பற்றிய பகுதி உண்மை, என்னைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளாதே. இதை வாசித்து முடிந்ததும் ஒருக்கா அந்த நம்பருக்கு எடு. நான் பேசுவேன்.